வீட்டில் பதிவான ஆட்கள்

இதைக் கண்டெடுத்தவருக்கு,

தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். நீங்கள் பெரியவராக இருந்தால் இன்னும் கெஞ்சிக் கேட்கிறேன், இதைப் படமெடுத்துப் பதிவகத்தில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் என் அம்மாவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். காற்று வடிகட்டியிலிருந்து கழற்றிப் போட்ட பழைய தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திரையில் எழுதுவது எல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிடும். தாளில் எழுதியது தாளில்தான் இருக்கும்.

(இந்தப் பத்தியை வியாழனன்று வந்து மேலே சேர்த்தேன். திங்களன்று எனக்கு இவ்வளவு பயம் இல்லை.)

திங்கள், இரவு 10.15
காற்று சரி. வெப்பம் சரி. வீட்டில் பதிவான ஆட்கள்: 2.

அம்மா அறிக்கை எழுதும்போது முதலில் நேரம், பிறகு அளவுகள், பிறகு நடந்தது என்று எழுதுவாள். நானும் அப்படியே எழுதிப் பார்க்கிறேன்.

என் பெயர் இ. உலகம்மை. ஒன்பதாம் வகுப்பு. செவ்வாயின் தரைக்கு அடியில் உள்ள குகையூரில், கீழவீதியில் இருக்கிறேன். இங்கே முதலில் குடிவந்தவர்கள் நெல்லைப் பக்கத்து ஆட்கள். பெயர்களையும் அங்கிருந்தே கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளியில் முப்பிடாதி என்னைத் தினமும் கேட்பாள், "ஏட்டி, நீ எந்த உலகத்துக்கு அம்மை? இதுக்கா, அதுக்கா?"

அம்மா சண்பகவல்லி பதிவகத்தில் திட்ட அலுவலர். எங்கள் ஊரில் பதிவு என்பது வெறும் பெயர்ப்பட்டியல் இல்லை. ஒருவர் பதிவில் இருந்தால்தான் அவருக்குக் கதவு திறக்கும், சோறு வரும். அவர் எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டுக்குள் அவருக்கான காற்று வரும். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு மேலும் ஒரு பலகை உண்டு. உள்ளே எத்தனை பேர் என்று அது காட்டும்.

பழைய பதிவு முறை தேய்ந்துபோய்விட்டது. அடுத்தது எது என்று அம்மா வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் சொல்ல வேண்டும். நேற்றுச் சாப்பிடும்போது உப்பு டப்பா, பருப்பு டப்பா, ஒரு காலித் தம்ளர் மூன்றையும் வரிசையாக வைத்து எனக்கு விளக்கினாள். உப்பு டப்பா, பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டுவது. பருப்பு டப்பா, கதவு, காற்று, சோறு, பள்ளி, மருத்துவம் எல்லாவற்றையும் ஒரே பதிவில் சேர்த்து, மனிதர் கை படாமல் அதுவே முடிவெடுக்கும்படி விட்டுவிடுவது. தம்ளர், வீதிக்கு ஒரு பதிவேடு வைத்து அந்தந்த வீதிக்காரர்களே பார்த்துக்கொள்வது. தம்ளரில் வேலை தாமதமாகும், சண்டையும் வரும்.

"ஆனா தப்பு நடந்தா அந்த வீதியோட நின்னுரும். ஊரைக் கொல்லாது," என்றாள். தம்ளரைத்தான் அறிக்கையில் எழுதியும் வைத்திருந்தாள்.

இருந்தாலும் பருப்பு டப்பாவையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீதியில் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் அம்மாவோடு வேலை செய்யும் நெல்லையப்பன் மாமா. சோதனைக்கு ஆட்களின் விவரம் வேண்டும். உயிரோடிருப்பவர்களின் விவரத்தை அதற்கு எடுக்கக் கூடாது என்று சட்டம். மாமா யோசித்து, கீழவீதியில் இறந்துபோனவர்களின் விவரத்தை எடுத்துப் போட்டுவிட்டார். அவர்கள் கடைசி ஒரு வருடம் எந்த நேரத்துக்கு எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள், எல்லாமே நகல். "செத்தவங்க யாரும் வந்து மனுக் கொடுக்கப் போறதில்ல பாத்துக்க," என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

சோதனை திரைக்குள்ளேயே நடக்க வேண்டியது. இன்று காலையில் அது நிஜக் கதவுகளோடு சேர்ந்துவிட்டது. பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் இல்லாமலேயே தட்டுகள் வந்து நின்றன. முப்பிடாதி என் தோளைப் பிடித்து இழுத்தாள். "தள்ளி நில்லுட்டி. வரிசையில பேய் நிக்கி. காலை மிதிச்சிராத." எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் வீதியில் கதவுகள் தாமாகவே திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாமா வந்து, "நாளைக்கு அறுத்து விட்டுருதேன், ஒரு ராத்திரி பொறுத்துக்கிடுங்க," என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கீழவீதியில் இறந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். இசக்கிமுத்து. நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது வடக்குச் சுரங்கம் சரிந்தது. தோண்டிப் பார்த்தார்கள். அப்பா கிடைக்கவில்லை.

இரவு 10.40. கதவு திறந்தது. இப்போதுதான். யாரும் இல்லை. ஒருவர் குனிந்து செருப்பைக் கழற்றுகிற அளவு நேரம் திறந்தே கிடந்தது. பிறகு மூடிக்கொண்டது. சமையல் மூலையில் விளக்கு பாதி வெளிச்சத்தில் எரிகிறது. நாங்கள் யாரும் அதைப் பாதியில் வைப்பதில்லை. அப்பா வைப்பார்.

வீட்டில் பதிவான ஆட்கள்: 3.

செவ்வாய், இரவு 11.20
காற்று சரி. வீட்டில் பதிவான ஆட்கள்: 3.

மாமா சொன்னபடி காலையில் அறுத்துவிட்டார். பள்ளியில் தட்டுகள் வரவில்லை. முப்பிடாதிக்கு ஏமாற்றம். வீதியில் எல்லாக் கதவுகளும் ஒழுங்காக இருந்தன. இரவு எங்கள் வீட்டுக் கதவு மட்டும் திறந்தது.

அம்மா தூங்கவில்லை. தலை சீவி, பச்சைச் சேலை கட்டி, மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் படுத்துத் தூங்குவதுபோல் இருந்தேன். கதவு மூடியதும் அம்மா எழுந்து நின்றாள்.

"வந்துட்டியளா," என்றாள்.

பாதி வெளிச்சம் எரிந்தது. வெந்நீர்க் குழாய் திறந்து, கை கழுவுகிற நேரம் ஓடி, நின்றது. அம்மா எதிரில் இருந்த வெறும் நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான். ஊர்க்கூட்டத்தைப் பற்றி, என் மதிப்பெண்ணைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி. நடுவில் ஒரு தடவை சிரித்தாள். அப்பா இறந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

எனக்கு அழுகை வந்தது. அது பயத்தினால் மட்டும் இல்லை. கொஞ்ச நேரம் எனக்கும் அந்த நாற்காலியில் அப்பா இருப்பதுபோல நன்றாக இருந்தது. அதை எழுதவே எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

புதன், இரவு 9.50
காற்று சரி. வீட்டில் பதிவான ஆட்கள்: 2. இன்னும் நேரம் ஆகவில்லை.

பள்ளி விட்டதும் மாமாவைப் பதிவகத்தில் போய்ப் பார்த்தேன். அம்மா கூட்டத்தில் இருந்தாள்.

"மாமா, அறுத்துவிட்டதில் ஒரு ஆளை மட்டும் திரும்பச் சேர்க்க முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும். நான் கை வைக்கணும், இல்லன்னா ஒங்கம்மை கை வைக்கணும். ஏன்ட்டி?"

"பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னார்கள்."

"இதையெல்லாமா எழுதச் சொல்லுதாவ," என்று மாமா முறுக்கை எடுத்து எனக்குப் பாதி உடைத்துக் கொடுத்தார். "அது வெறும் நகல்ட்டி. பொம்மை ரயில் மாதிரி. போட்ட தண்டவாளத்துலதான் ஓடும். அந்த ஆளு கடைசி வருசம் என்ன செஞ்சானோ அதை மட்டுந்தான் செய்யும். புதுசா ஒண்ணும் செய்யாது."

"அந்த ஆளுக்குக் காற்று எங்கிருந்து வரும்?"

"வீதி உபரில இருந்து. ஆளு வெளிய போனாலும் அது அவன் பேருக்கே இருக்கும். கீழவீதிக்கு ஒரு ஆளுக்கான உபரி இருக்கு. விருந்தாளி வந்தா வேணும்லா."

முறுக்கை மேசையில் வைத்துவிட்டேன். எங்கள் வீதி உபரி யாருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக் கோமதி அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பெயர் இல்லாதவரைப் பதிவில் ஏற்ற முடியாது. எங்கள் ஊரில் முப்பதாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். அதுவரை குழந்தை வீதி உபரியில்தான் மூச்சு விடும். நாங்கள் எல்லாரும் குழந்தையாக அப்படித்தான் இருந்தோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. பழைய முறையில் இறந்தவர்கள் மூச்சு விடுவதில்லை.

நேரே கோமதி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல் பலகையில் 1 என்று இருந்தது. உள்ளே அக்காவும் குழந்தையும் இருந்தார்கள்.

"அக்கா, இப்போதே பெயர் வைத்துவிடுங்களேன்," என்றேன்.

"நல்லாச் சொன்ன. இவன் அப்பா சனிக்கிழமைதான் சுரங்கத்துலேருந்து வாராவ. ரெண்டு பேரு கையும் வச்சாத்தான பதிவாகும். அதுவும் போக, முன்கூட்டிப் பேரு சொன்னா கண்ணு பட்டுரும்ட்டி."

"பிறகு எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"மூக்கான்னு கூப்பிடுவேன். பாரேன், மூஞ்சில பாதி மூக்குதான் இருக்கு." அக்கா சிரித்துவிட்டு அவன் கன்னத்தைத் தட்டினாள். "ரெண்டு நாளா ராத்திரி ஒரே தூக்கம். பாலு குடிக்க எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டேங்கான். நல்ல பிள்ளைதான்னு வச்சிக்கிட வேண்டியதுதான்."

அவன் நகங்கள் நீலமாக இருந்தன. அக்கா கவனிக்கவில்லை. அக்காவுக்கும் தலைவலி என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். குழந்தையைச் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சேலையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"ராத்திரி வாராவ. இருக்காவ. விடியக்காலம் போயிருதாவ. கொஞ்ச நேரந்தானட்டி," என்றாள்.

"மூக்கன், அம்மா."

"பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ரெண்டாவது வழி வந்துட்டா யாருக்கும் குறையாது. காத்தைக் கூட்டிக் கேக்கலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் சும்மா இரு, உனக்குக் கோடிப் புண்ணியம். ஒங்கப்பாவை ஒருக்கா எங்கிட்டருந்து பிடுங்கியாச்சு. நீயும் பிடுங்காத."

ரெண்டாவது வழி, பருப்பு டப்பா. அம்மா தம்ளரை விட்டுவிட்டாள். இரண்டாவது வழி வந்தால் எந்த நெல்லையப்பன் மாமாவும் அறுத்துவிட முடியாது. மனிதர் கை படாது. அப்பா என்றைக்கும் வந்துகொண்டே இருப்பார். ஊரிலிருக்கும் மற்ற இறந்தவர்களும் வருவார்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வியாழன், இரவு 8.30
காற்று சரி. வீட்டில் பதிவான ஆட்கள்: 2.

பள்ளியில் என் மதிப்பெண் பட்டியலைத் திறந்தேன். கீழே, இதைப் பார்த்தவர்கள் யார் யார் என்று இருக்கும். வகுப்பு ஆசிரியை. நான். மூன்றாவதாக ஒரு பெயர்.

இசக்கிமுத்து. நேற்று இரவு.

ஒன்பதாம் வகுப்புப் பட்டியல். அப்பா இறக்கும்போது நான் ஏழாம் வகுப்பு. போட்ட தண்டவாளத்தில்தான் ஓடும் என்றார் மாமா. இந்தத் தண்டவாளத்தை யாரும் போடவில்லை. அதைத் திறந்தவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடவில்லை. ஒவ்வொரு பாடமாகத் திறந்திருக்கிறார். கணக்கை இரண்டு முறை. நான் கணக்கில் மோசம்.

மாமாவிடம் கேட்டால் ஏதாவது காரணம் சொல்லுவார். நான் கேட்கவில்லை. காரணம் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சாயங்காலம் கோமதி அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீதியில் ஓடினாள். மருத்துவ அறைக்குப் போனதும் சரியாகிவிட்டான். அங்கே காற்று தாராளம். "ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்று அனுப்பிவிட்டார்கள். பதிவுப்படி அக்கா வீட்டில் காற்று சரி. ஒரு ஆளுக்கு எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு வருகிறது.

அம்மா வாசலில் நின்று அதையெல்லாம் பார்த்தாள். உள்ளே வந்து அறிக்கையை முடிக்க உட்கார்ந்தாள். நான் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன். மூன்றாவது வழியை அடித்துவிட்டு இரண்டாவதைப் பரிந்துரைத்திருந்தாள்.

யாரிடமாவது சொல்லலாம். சொன்னால் அம்மாவைக் காற்றுத் திருட்டு என்று வடக்குச் சுரங்கத்துக்கு அனுப்புவார்கள். அது அப்பா கிடைக்காத சுரங்கம். சொல்லாவிட்டால் மூக்கன் இன்று இரவு தாங்க மாட்டான். அவன் உதட்டைப் பார்த்தேன், எனக்குத் தெரியும்.

வியாழன், இரவு 10.10
வீட்டில் பதிவான ஆட்கள்: 2.

அம்மா மேசைமேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். மூன்று இரவுகளாக அவள் தூங்கவில்லை. பச்சைச் சேலை கட்டியிருக்கிறாள். அவள் திரை திறந்தே இருக்கிறது.

அப்பாவின் பதிவைத் திறந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று அது மூன்று வழிகளைக் காட்டியது. நிறுத்திவைக்கலாம், அதற்குக் காரணம் எழுத வேண்டும், மாமாவுக்குத் தகவல் போகும். காப்பகத்துக்கு மாற்றலாம், அதற்கு மாமாவின் கையும் அம்மாவின் கையும் வேண்டும். அழிக்கலாம். இறந்தவரின் பதிவை அழிக்கும் உரிமை குடும்பத்தாருக்கு உண்டு. பதின்மூன்று வயது ஆகியிருந்தால் ஒருவர் கை போதும். யாருக்கும் தகவல் போகாது. யார் இப்படி ஏற்பாடு செய்தார்கள் என்று தெரியவில்லை. மற்ற இரண்டுக்கும் கதவு பூட்டியிருக்கிறது. இது மட்டும் திறந்து கிடக்கிறது.

அழித்தால் அப்பாவின் நடமாட்டம் மட்டும் போகாது. எல்லாம் போகும். படங்கள், குரல், கல்யாணம், எனக்குப் பெயர் வைத்த அன்று அவர் வைத்த கை. அம்மா இனிமேல் அப்பா என்று ஒருவர் இருந்தார் என்பதற்குத் தன் மனதைத்தான் காட்ட முடியும்.

கையை வைத்தேன். கடைசியாக ஒருமுறை அவர் குரலைக் கேட்கிறீர்களா என்று கேட்டது. ஆம் என்றேன். சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக்கொண்டேன். சுரங்கத்திலிருந்து வந்த கடைசித் தகவல் அது. இதற்கு முன் எனக்கு யாரும் போட்டுக் காட்டியதில்லை.

"வடக்குச் சுரங்கம். இசக்கிமுத்து பேசுதேன். தூசி கொஞ்சம் கூடுதலா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. வீட்டுல சொல்லிருங்க, வர நேரமாகும். காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அழித்துவிட்டேன்.

வியாழன், இரவு 10.55
வீட்டில் பதிவான ஆட்கள்: 2.

நேரம் கடந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. விளக்கு எரியவில்லை. குழாய் ஓடவில்லை.

எதிர்வீட்டில் மூக்கன் அழுகிறான். நன்றாக, கோபமாக அழுகிறான். பசிக்கிறது போலிருக்கிறது. கோமதி அக்கா ஏதோ ஏசிக்கொண்டே கொஞ்சுகிறாள். இந்த நேரத்தில் இந்தச் சத்தம் கேட்டு எனக்குச் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. அக்கா வீட்டில் காற்று இருக்கிறது. காலையில் அம்மா என்னைக் கொன்றாலும் பரவாயில்லை. அறிக்கையை மாற்றச் சொல்லிக் காலைப் பிடித்துக்கொள்ளுவேன். அவளுக்கு இனி இரண்டாவது வழியால் ஒன்றும் இல்லை.

நான் படுக்கப் போகிறேன். இதை வடிகட்டிப் பெட்டிக்குள்

தட்டுகிறார்கள்.

வாசல் கதவை. இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. வீட்டுக்காரர் என்றால் திறக்கும். வேறு யாராவது வந்தால் பலகை அவர் பெயரைச் சொல்லும். ஊரில் பெயர் இல்லாமல் இருப்பவன் மூக்கன் ஒருவன்தான், அவன் எதிர்வீட்டில் அழுதுகொண்டிருக்கிறான்.

பலகை எதுவும் சொல்லவில்லை. வாசலில் பதிவான ஆட்கள்: 0.

மறுபடியும். அவசரம் இல்லாமல் தட்டுகிறார். கதவு ஏன் திறக்கவில்லை என்று புரியாதவர் தட்டுவதுபோல.

அம்மா எழுந்துவிட்டாள். தலையைக் கோதிவிட்டுக்கொள்கிறாள். "ஏட்டி உலகு, அப்பா வெளிய நிக்காவல்லா, ஏன் இது திறக்க மாட்டேங்குது," என்கிறாள். கையால் திறக்கிற பிடியைத் தேடுகிறாள். அம்மா வேண்டாம் என்கிறேன், எனக்குக் குரல் வரவில்லை, எழுதத்தான் வருகிறது, அவள் பிடியைக் கண்டு